தண்ணீர் தேடிய ஊரில் எண்ணெய்

தலைமையேற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, இந்த மண்டபத்தை வாடகையின்றித் தந்து உதவிய பெருமகனார் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒன்றியப் பெருமக்களே, நூலகர் அம்மா அவர்களே, என் இனிய நாகை மாவட்ட மக்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைமையாசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

தென்னமெரிக்க நாடான அர்ஜென்டினாவின் தென்பகுதியில் இருக்கும் கொமோதோரோ ரிவதாவியா என்னும் ஊரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதன் நிலம், எண்ணெய், குடியேறிய மக்கள் என மூன்றையும் சொல்வேன்.

தலைநகர் புவனெஸ் ஐரெசிலிருந்து சாலை வழியே சுமார் 1,800 கிலோமீட்டர் தெற்கே, படகோனியா என்னும் வறண்ட தென்னிலத்தின் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது அந்த ஊர். ஒரு பக்கம் சான் ஹோர்ஹே வளைகுடா. மறுபக்கம் செங்கே என்னும் மொட்டைக் குன்று. ஆண்டு முழுதும் ஓயாத காற்று. மழையோ மிகக் குறைவு. உள்நாட்டில் சர்மியெந்தோ குடியிருப்பில் விளைவதைக் கப்பலேற்ற ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. அதற்காக 1901 பிப்ரவரியில் பிறந்த ஊர் அது.

துறைமுகம் இருந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை. 'கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது' என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அது எழுத்துக்கு எழுத்து நடந்த இடம் அதுதான். தண்ணீர் கேட்டு மக்கள் முறையிட, அரசு துளையிடும் இயந்திரத்தை அனுப்பியது. முதல் முயற்சி வீணாயிற்று. பிறகு இன்னும் ஆழம் போகும் இயந்திரம் வந்தது. ஹோசே ஃபுக்ஸ், உம்பெர்த்தோ பெகின் என்ற இருவர் அந்த வேலையை நடத்தினார்கள். நூறு மீட்டரில் தண்ணீர் இல்லை. இருநூறில் இல்லை, முந்நூறில் இல்லை. நினைத்துப் பாருங்கள் பெரியோர்களே, தாகத்தோடு ஓர் ஊரே அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது! ஐந்நூறைத் தாண்டினார்கள். 1907 டிசம்பர் 13 அன்று, ஏறத்தாழ 540 மீட்டர் ஆழத்திலிருந்து மண்ணெண்ணெய் நாற்றத்தோடு கரிய எண்ணெய் மேலே வந்தது. தந்தி பறந்தது. மறுநாளே, துறைமுகத்தைச் சுற்றி ஐந்து லீக் (பழைய தூர அளவு) தொலைவுக்குள் எவருக்கும் சுரங்க உரிமை கிடையாது என்று குடியரசுத் தலைவர் ஃபிகெரோவா அல்கோர்தாவின் அரசு ஆணை பிறப்பித்தது. இதுதான் என்னை உறுத்துகிறது. தண்ணீருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஊருக்கு, எண்ணெய்க்கான ஆணை ஒரே நாளில் வந்துவிட்டது.

1922-இல் ஒய்.பி.எஃப். என்னும் அரசு எண்ணெய் நிறுவனம் உருவாயிற்று. அதைக் கட்டி வளர்த்தவர் தளபதி என்ரிக்கே மொஸ்கோனி. எண்ணெய்க் கிணறுகளைச் சுற்றியே குடியிருப்புகள் முளைத்தன. கிலோமீட்டர் 3, கிலோமீட்டர் 5 என்று இன்றும் அங்கே பேட்டைகளுக்குப் பெயர். தென்னாப்பிரிக்காவிலிருந்து போயர்கள் என்னும் டச்சு வழிவந்த மக்கள்கூட அங்கே குடியேறினார்கள். அது நீண்ட கதை, நேரமில்லை.

தண்ணீர் என்னவாயிற்று? இன்றும் சர்மியெந்தோ பக்கத்து முஸ்தெர்ஸ் ஏரியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வழியாகத்தான் வருகிறது. அதற்கு அடுத்த ஏரியான கொல்உவே உவாப்பி பெரும்பாலும் வறண்டுபோய்விட்டது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பூதத்தை எல்லாரும் கொண்டாடினார்கள், கிணற்றை மறந்துவிட்டார்கள்.

நரிமணத்தில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. எண்ணெயோ எரிவாயுவோ எடுக்கும் ஒவ்வோர் ஊராட்சியிலும், அந்த வருமானத்தின் முதல் பங்கு குடிநீருக்கும் குளம் தூர்வாருவதற்கும் போக வேண்டும். இதைக் கேட்டு மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். அது வாசல் அருகே மேசையில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுச் செல்லுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். இந்தக் கோரிக்கையை அங்கே தீர்மானமாக நிறைவேற்றுவோம். நன்றி, வணக்கம்.