ஜார்ஜ் கிராஸ் வேலி இல்லை, வாசல்தான்!

நடுவர் அவர்களே, இந்தக் குளிரிலும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பி வந்திருக்கும் மேற்கு மெல்போர்ன் மக்களே, வணக்கம்.

"குடியேறியவர்கள் தொடங்கிய கால்பந்துக் கழகம், தங்களைச் சுற்றிப் போட்ட வேலியா, ஊருக்குத் திறந்த வாசலா?" இதுதான் தலைப்பு. உள்ளே வரும்போதே ஒரு பெரியவர் "எந்தக் கழகம் தம்பி, இங்கேயும் கட்சியா?" என்று கேட்டார். இல்லை ஐயா, பந்து உதைக்கிற கழகம்தான். வம்பு வேண்டாம், இனி கிளப் என்றே சொல்கிறேன். மத்தியதரைக் கடல் தீவான மால்டாவிலிருந்து இங்கே வந்தவர்கள் தொடங்கிய ஜார்ஜ் கிராஸ் கிளப்பை வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறார் நடுவர்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, வேலி என்றார். தங்கள் நாட்டு அடையாளத்தைப் பெயராக வைத்து, தங்கள் ஆட்களோடு மட்டும் கூடி, தங்கள் பலகாரத்தைத் தின்றால் அது வேலி இல்லாமல் வேறென்ன என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன், பேச்சு அப்படி. ஆனால் பெயரிலேயே சறுக்கிவிட்டார்.

ஜார்ஜ் கிராஸ் என்பது பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் பெயரில் உள்ள பதக்கம். மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். நம் மெல்போர்னுக்குள் எத்தனையோ மால்டாக்களை அடுக்கி வைக்கலாம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அந்தத் தீவைக் குண்டு போட்டுத் துவைத்தன. ரொட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்துகொண்டே மக்கள் தாக்குப்பிடித்தார்கள். 1942 ஏப்ரல் 15 அன்று தனி ஆளுக்கு இல்லாமல் தீவு முழுவதற்குமாக அந்தப் பதக்கத்தைக் கொடுத்தார் மன்னர். இன்றும் மால்டாவின் கொடியில் அது இருக்கிறது. 1947இல் இங்கே கிளப் தொடங்கியவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். அன்றைய ஆஸ்திரேலியாவுக்கும் அதே மன்னர்தான் மன்னர், தம்பி. "உங்கள் ராஜா கொடுத்த பதக்கம் எங்களிடம் இருக்கிறது, உள்ளே வரலாமா?" என்று கேட்கிற பெயர் அது. வேலி போடுகிறவன் இப்படிக் கேட்பானா?

ஏன் அப்படிக் கேட்க வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு கப்பல் கதை இருக்கிறது. நடுவர் இரண்டு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

1916 அக்டோபர். கான்ஜ் என்ற பிரெஞ்சுக் கப்பல் 214 மால்டாக்காரர்களோடு இந்த மெல்போர்ன் துறைமுகத்துக்கு வருகிறது. மால்டா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். ஆனால் நேரம் சரியில்லை. கட்டாய ராணுவச் சேவை வேண்டுமா என்று நாடே வாக்களிக்கப் போகிற வாரம் அது. "நம் பையன்களைப் போருக்கு அனுப்பிவிட்டு, அந்த வேலைக்குக் குறைந்த கூலி ஆட்களை இறக்குகிறார்கள்" என்று ஊரெல்லாம் பேச்சு. பிரதமர் பில்லி ஹியூஸுக்குத் தலைவலி. அதிகாரிகள் என்ன செய்தார்கள்? வேண்டாதவர்களை உள்ளே விடாமலிருக்க அன்று இருந்த, சொல்வதை எழுதும் பரீட்சையை வைத்தார்கள். சட்டப்படி எந்த ஐரோப்பிய மொழியிலும் வைக்கலாம். மால்டாக்காரர்களுக்கு எந்த மொழியில் வைத்தார்கள் தெரியுமா? டச்சு மொழியில்! 214 பேரும் ஃபெயில். ஒருவர்கூடத் தேறவில்லை, தேறியிருந்தால்தான் ஆச்சரியம். கப்பல் அவர்களை நியூ கலிடோனியாவின் நூமியாவில் கொண்டுபோய் விட்டது. பிறகு சிட்னிக்குக் கொண்டுவந்து, ஒரு பழைய கப்பலில் அடைத்து வைத்து, 1917இல்தான் கரையில் கால் வைக்க விட்டார்கள். "பில்லி ஹியூஸின் பிள்ளைகள்" என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள், வேலி போட்டது யார்?

1948இல் காற்று மாறியது. இதே ஆஸ்திரேலியா, மால்டாவோடு ஒப்பந்தம் போட்டு, கப்பல் கட்டணத்தில் உதவி செய்து ஆட்களை அழைத்தது. வந்தவர்களில் பெருந்தொகையானோர் நம் பக்கம்தான் குடியேறினார்கள்: சன்ஷைன், செயின்ட் ஆல்பன்ஸ், கீலர். தொழிற்சாலையும் மலிவான மனையும் இங்கேதான் இருந்தன. சன்ஷைன் என்ற ஊர்ப் பெயரே ஒரு தொழிற்சாலைப் பெயர்தான். பிரேபுரூக் ஜங்ஷன் என்று இருந்த ஊர், சன்ஷைன் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையால் அந்தப் பெயருக்கு மாறியது. கிளப்பும் ஆஸ்திரேலியாவின் அன்றைய முதல்நிலைப் போட்டியான தேசிய லீகுக்குப் போன காலத்தில் சன்ஷைன் ஜார்ஜ் கிராஸ் ஆனது. ஒரு பாதி தொழிற்சாலையின் பெயர், மறுபாதி ராஜாவின் பதக்கம். மால்டா மொழியில் ஒரு சொல்கூட இல்லை!

எதிரணி அக்கா சிட்னியின் மெலிட்டா கிளப்பை எடுத்துப் போட்டார். சரி, மெலிட்டா என்பது மால்டாவின் பழைய பெயர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பின்னாளில் பாரமட்டா ஈகிள்ஸ் ஆனதை அக்கா விட்டுவிட்டார். 1955இல் மால்டாக்காரர்களே தொடங்கிய கிரீன் கல்லி கிளப்பில் ஊரின் பள்ளத்தாக்குதான் பெயர். கிரீன் கல்லி அயாக்ஸ் என்றும் ஒரு காலத்தில் இருந்தது. அயாக்ஸ் என்றால் கிரேக்க வீரன், டச்சுக்காரர்களின் பெரிய கிளப்பும்கூட. டச்சுப் பரீட்சைக்கான பழைய கணக்கா என்று நான் கேட்கமாட்டேன்.

1984இல் தேசிய லீகை 24 அணிகளாக்கியபோது இந்த மூன்று கிளப்பும் ஒன்றாக உள்ளே போயின. மூன்றும் மால்டாக்காரர்கள் தொடங்கியவை! எதிரே நின்றவர்கள் கிரேக்கர்கள், இத்தாலியர்கள், குரோவேஷியர்கள், மாசிடோனியர்கள். வேலிக்குள் பதினோரு பேர் ஆடலாம் தம்பி. எதிர்த்து ஆட இன்னொரு பதினோரு பேர் வேண்டாமா? அவர்கள் எந்த வழியாக வருவார்கள்?

அந்த வாசல் வழியாக வெளியே போன ஒருவரைச் சொல்கிறேன். கெவின் மஸ்கட். இங்கிலாந்தில் பிறந்த மால்டாக் குடும்பத்துப் பையன், தேசிய லீகில் முதலில் ஆடியது சன்ஷைன் ஜார்ஜ் கிராஸுக்கு. 2001 நவம்பர் 20 அன்று எம்.சி.ஜி. என்கிற நம் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில், உலகக் கோப்பைக்குப் போவதா வேண்டாமா என்ற ஆட்டத்தில், உருகுவேக்கு எதிராக பெனால்டி. நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அடித்தவர் அவர்தான். 1–0. அடுத்த ஆட்டத்தில் மான்டிவிடியோவில் 3–0 என்று வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது வேறு கதை; எதிரணி சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன். தேசிய லீகுக்குப் பிறகு வந்த ஏ லீகில் எல்லாக் காலத்துக்கும் அதிக கோல் அடித்த ஜேமி மெக்லாரன், சின்ன வயதில் கிரீன் கல்லியில் ஆடியவர்.

2014இல் கால்பந்துச் சம்மேளனமே புதிய கிளப்கள் இன அடையாளப் பெயர் வைக்கக் கூடாது என்று விதி போட்டதே என்றார் அக்கா. போட்டது. 2019இல் அதே சம்மேளனம் அதைக் கைவிட்டதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

ஆரம்பத்தில் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்தார்களா என்று கேட்டால், இருந்திருப்பார்கள், மறுக்கமாட்டேன். வாரம் முழுக்க மெஷின் சத்தத்தில் அரைகுறை ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவன் சனிக்கிழமை தன் மொழியில் கத்தத்தான் ஓர் இடம் தேடுவான். வாசல் வைப்பதற்கு முதலில் வீடு வேண்டும் நடுவரே. வீடே இல்லாதவனிடம் போய் ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டால் எப்படி?

மால்டாவில் பிறந்து இங்கே வாழ்கிறவர்கள் 1981இல் சுமார் 57,000 பேர். அந்த எண்ணிக்கை வருடா வருடம் இறங்கிக்கொண்டே வருகிறது. அங்கிருந்து புதிதாக வருகிறவர்கள் மிகக் குறைவு. வெறும் வேலியாக இருந்திருந்தால் அந்தத் தலைமுறையோடு கிளப்பும் இறங்கியிருக்க வேண்டும். அதுவோ சன்ஷைனை விட்டு, மக்கள் நகர்ந்த திசையிலேயே நகர்ந்து, இன்று கரோலைன் ஸ்பிரிங்ஸ் ஜார்ஜ் கிராஸ். இந்த அரங்கில் பாதிப் பேர் வீட்டுக் கடன் கட்டுகிற பகுதி அது.

பலகாரத்தையும் சொன்னார் தம்பி. பஸ்டிட்ஸி. நம் பஃப்ஸுக்குச் சித்தப்பா மகன் மாதிரி: வைர வடிவம், அடுக்கடுக்காக மாவு, உள்ளே ரிக்கோட்டா பாலாடை அல்லது மசித்த பட்டாணி. முதல்முறை போனபோது கடித்தேன், மேல் ஓடு உதிர்ந்து கோட்டெல்லாம் அப்பிக்கொண்டது. பக்கத்தில் நின்ற மால்டாத் தாத்தா ஒன்றும் பேசாமல் என் கையிலிருந்த காகிதப் பையை வாங்கி, வாயை விரித்து, தாடைக்குக் கீழே பிடித்துக் காட்டினார். "பட்டாணிதானே? உனக்குச் சரி, கறி இல்லை" என்றார். நான் சைவம் என்று சொல்லவே இல்லை. எனக்கு முன்னால் எத்தனை பேர் வந்து விசாரித்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்கும்!

மணி அடித்துவிட்டீர்கள் நடுவரே, முடித்துவிட்டேன். தம்பி, நேரம் இருந்தால் நாளைக் காலை எங்கள் வீட்டுப் பக்கம் வாருங்கள். பின்கட்டில் கொடியில் என் மகனின் சட்டை காயும். மார்பில் ஜார்ஜ் கிராஸ், முதுகில் 7. சேறு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை.