கன்ட்ரியைத் தாண்டிப் போன பெடல் ஸ்டீல்

எல்லோருக்கும் வணக்கம். பெடல் ஸ்டீல் கிட்டார் என்றதும் பலருக்கு ஒரே படம்தான் மனத்தில் வரும். கவ்பாய் தொப்பி, அமெரிக்கக் கன்ட்ரி இசையின் நகரமான நாஷ்வில், காதலி விட்டுப்போன சோகப் பாட்டு, பின்னணியில் இழுத்து இழுத்து அழும் ஒரு கம்பிச் சத்தம். அந்தப் படம் தப்பில்லை. கன்ட்ரி இசைதான் இந்த வாத்தியத்தை வளர்த்து ஆளாக்கியது. ஆனால் அந்த அழுகையைக் கன்ட்ரிக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டோம் என்பதில்தான் எனக்கு வருத்தம். அந்தச் சத்தம் இந்த இயந்திரத்திலிருந்து வருவது. இயந்திரத்தை யார் கையில் கொடுத்தாலும் அவரவர் மொழியில் பேசும். அப்படிப் பேச வைத்தவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

முதலில் கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புகிறேன். இது நடப்பதைக் கண்ணால் பார்க்காமல் மற்றது எதுவும் சரியாகப் புரியாது.

பத்துக் கம்பிகள். கோட்டுவாத்தியம் பார்த்தவர்களுக்கு இடது கை வேலை உடனே பிடிபடும். கம்பியை விரலால் அழுத்துவதில்லை, மேலே ஒரு கட்டையை உருட்டி நகர்த்துகிறோம். இங்கே அது கனமான எஃகு உருளை. கழுத்தில் தெரியும் இந்தக் கோடுகள் வெறும் அடையாளம்தான், கம்பி அவற்றில் படவே படாது. வலது கையில் கட்டைவிரலுக்கு ஒன்று, மற்ற இரண்டு விரல்களுக்கு ஒவ்வொன்று என்று மூன்று பிக், அதாவது மீட்டும் நகங்கள், மாட்டியிருக்கிறேன். வலது கால் வால்யூம் பெடலில். இடது கால் இந்த மூன்று பெடல்கள்மேல். இரண்டு முழங்கால்களும் கீழே தொங்கும் இந்த லீவர்களைத் தள்ள.

இப்போது மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது கம்பிகளை மட்டும் மீட்டுகிறேன். ஈ9 ட்யூனிங்கில், அதாவது கம்பிகளுக்குச் சுருதி சேர்க்கும் ஒரு வழக்கமான முறையில், இவை ஜி ஷார்ப், ஈ, பி. மூன்றும் சேர்ந்தால் ஈ மேஜர் என்ற கார்டு, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம். மீட்டியாயிற்று, சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, கையை எடுத்துவிட்டேன். இப்போது இடது காலால் முதல் இரண்டு பெடல்களையும் மெதுவாக அழுத்துகிறேன். கேளுங்கள்.

[வாசிக்கிறார்]

ஐந்தாவது கம்பி ஒரு முழு ஸ்வரம் ஏறி சி ஷார்ப் ஆனது. மூன்றாவது அரை ஸ்வரம் ஏறி ஏ ஆனது. நடுவில் இருந்த ஈ மட்டும் அசையவில்லை. ஈ மேஜர் நம் காதுக்கு முன்னாலேயே ஏ மேஜராக உருகிவிட்டது. ஒரு குரல் நிற்க, மற்ற இரண்டும் வேறு வேறு தூரம் நகர்கின்றன. கட்டையை மட்டும் நகர்த்தினால் மூன்றும் ஒன்றாகத்தான் ஏறும், இறங்கும். இந்த ஒரு வித்தையை வைத்துத்தான் பெடல் ஸ்டீலின் மொத்தப் பேச்சும்.

இன்னொரு வித்தை வலது காலில் இருக்கிறது. மீட்டும்போது வால்யூமைக் குறைவாக வைத்திருந்து, கம்பியின் சத்தம் தேயத் தேயக் காலால் ஏற்றிக்கொடுக்கலாம். மீட்டிய தடமே தெரியாது. கிட்டார் என்று நினைத்துக் கேட்டால் கிட்டார் இல்லை, வயலின் என்று நினைத்தால் வில்லும் இல்லை.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறப்பே கன்ட்ரியில் இல்லை. ஹவாயில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், கிட்டாரை மடியில் கிடத்தி எஃகுத் துண்டால் வாசிக்கும் முறை உருவானது. ஜோசஃப் கெகுகு என்ற இளைஞர் கண்டுபிடித்ததாகப் பெரும்பாலும் சொல்வார்கள். அது அமெரிக்கா முழுக்கப் பரவி, மின்சாரம் ஏறி, கால் முளைத்து, பெடல் முளைத்தது. ஆரம்பத்தில் பெடல் என்பது ட்யூனிங்கை மாற்றிக்கொள்ளும் வசதி மட்டும்தான். வெப் பியர்ஸ் பாடி 1954இல் வெற்றி பெற்ற ‘ஸ்லோலி’ பாட்டில், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பட் ஐசக்ஸ் பெடலை அழுத்தினார். கேட்டவர்கள் எல்லோரும் ஓடிப்போய்த் தங்கள் வாத்தியத்தில் பெடல் மாட்டினார்கள். நாஷ்வில்லின் முத்திரை அன்றைக்குக் குத்தப்பட்டது.

ஆனால் அதே அமெரிக்காவில், கன்ட்ரி ரேடியோ எட்டிப் பார்க்காத இடத்தில் இன்னொரு பரம்பரை ஓடிக்கொண்டிருந்தது. ஹவுஸ் ஆஃப் காட் என்ற கறுப்பின பெந்தெகொஸ்தே சபை. பெரும்பாலான தேவாலயங்களில் ஆர்கன் இருக்கும் இடத்தில் இங்கே ஸ்டீல் கிட்டார். 1930களில் ட்ரோமன் ஈசன், அவருடைய தம்பி வில்லி ஈசன் ஆகியோர் கொண்டுவந்தது. ட்ரோமன் ஹவாய் பாணியை முறையாகக் கற்றவர். வில்லி அந்தப் பாணியை ஒதுக்கிவிட்டு, ஒற்றைக் கம்பியில் மனிதக் குரலைப் பிடிக்கப் பார்த்தார். பாடகர் ஒரு வரி பாடினால் அதே வரியை, அதே நெளிவோடு, கம்பி திருப்பிச் சொல்லும். பிறகு வந்த தலைமுறை பெடல் ஸ்டீலை எடுத்துக்கொண்டபோதும் அந்தக் குரல் வெறி போகவில்லை.

அந்த ஆராதனையில் ஸ்டீலின் வேலை என்ன என்று கவனியுங்கள். போதகர் பேசும்போது அவர் குரலுக்குக் கீழே மெல்ல நிற்கும். அவர் சூடேறச் சூடேற அதுவும் ஏறும். சபை எழுந்து ஆடத் தொடங்கினால் ஒரே கார்டில் நின்று கால் மணி நேரம்கூட ஓட்டும். நாஷ்வில் வாசிப்பில் ஸ்டீலுக்குக் கிடைப்பது பாடகரின் இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கும் சின்ன இடைவெளி. இங்கே மொத்தக் கூட்டத்தையும் நடத்துவதே அதுதான். சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், வாய் திறந்து மூடுவதுபோல் ஒலிக்க வைக்கும் வா-வா எல்லாம் தயக்கமில்லாமல் வரும். கேட்டால் ஒரு நொடிகூட கன்ட்ரி ஞாபகம் வராது.

வெளியுலகத்துக்கு இது பல பத்தாண்டுகள் தெரியவே இல்லை. 1997இல் ஆர்ஹூலி நிறுவனம் ‘சேக்ரெட் ஸ்டீல்’ தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் கதவு திறந்தது. கேம்ப்பெல் பிரதர்ஸ் குழுவில் சக் கேம்ப்பெல் வாசிப்பதைத் தேடிக் கேளுங்கள். அடுத்து நியூ ஜெர்சிக்காரர் ராபர்ட் ராண்டால்ஃப். அவருடையது 13 கம்பி வாத்தியம். 2002இல் வந்த ‘லைவ் அட் தி வெட்லாண்ட்ஸ்’ ஆல்பத்தில் அவர் மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் கூட்டத்தின் கத்தல் சேர்ந்து ஏறுவது பதிவாகியிருக்கிறது. கிளப்தான், ஆனால் நடப்பது ஆராதனைதான்.

சரி, இப்போது கடலைத் தாண்டி நைஜீரியா. கிங் சன்னி அடேவின் ஜூஜூ இசை. யோருபா மக்களின் விருந்து விழாக்களில் வளர்ந்த இசை இது. பல கிட்டார்கள், பல தாள வாத்தியங்கள், அவற்றுக்கு நடுவே பேசும் மத்தளங்கள். இந்தக் கூட்டத்தில் பெடல் ஸ்டீல் வாசித்தவர் டெமோலா அடெபோஜு. 1982இல் ஐலண்ட் நிறுவனம் உலகம் முழுக்கக் கொண்டுபோன ‘ஜூஜூ மியூசிக்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘ஜா ஃபுன்மி’. அதில் ஸ்டீல் எப்போது வருகிறது என்று காத்திருந்து கேளுங்கள். வந்ததும் ஒரு நீண்ட வளைவு போட்டுவிட்டு விலகிக்கொள்ளும்.

இது ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டுகிறது? என் கணிப்பைச் சொல்கிறேன். யோருபா, சுருதி மாறினால் பொருளே மாறும் மொழி. பேசும் மத்தளம் வார் இறுக்கிச் சுருதியை ஏற்றி இறக்கி அந்தப் பேச்சைப் பின்பற்றுகிறது. அதாவது வழுக்கிப் போகும் சுருதி அந்தக் காதுகளுக்குப் புதிதே இல்லை. ஸ்டீல் வந்து சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே அதன் உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பால் சைமன் 1986இல் ‘கிரேஸ்லேண்ட்’ பாட்டுக்கு இதே அடெபோஜுவை வாசிக்கச் சொன்னார். டென்னசியை நோக்கிப் போகும் பயணத்தைப் பற்றிய அந்தப் பாட்டுக்கு ஸ்டீல் கொடுத்தவர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்! எனக்கு இது எப்போது நினைத்தாலும் சந்தோஷம் தரும் விஷயம்.

அப்புறம் ஆம்பியன்ட் இசை, அதாவது சூழலைப் போல மெதுவாகப் பரவி நிற்கும் இசை. நான் முன்னால் சொன்ன வலது கால் வித்தை இங்கேதான் ராஜா. பிரையன் ஈனோ, அவருடைய தம்பி ரோஜர் ஈனோ, டேனியல் லான்வா மூவரும் சேர்ந்து 1983இல் ‘அப்பல்லோ’ ஆல்பம் செய்தார்கள். நிலவுப் பயணங்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கான இசை. விண்வெளி வீரர்கள் தங்களோடு கன்ட்ரி பாட்டு கேசட்டுகளை எடுத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் ஈனோவுக்கு அந்த நிறம் வேண்டும் என்று தோன்றியது. லான்வா பெடல் ஸ்டீல் வாசித்தார். ‘டீப் புளூ டே’ போட்டுப் பாருங்கள். கார்டுகள் கன்ட்ரிதான், ஆனால் ஈர்ப்பு விசையை யாரோ அணைத்துவிட்டார்கள். 2016இல் ராக்கோ டிலூக்காவோடு லான்வா செய்த ‘குட்பை டு லாங்வேஜ்’ இதைவிட வெகுதூரம் போகிறது. 2020இல் லூக் ஷ்னைடர் வெளியிட்ட ‘ஆல்டர் ஆஃப் ஹார்மனி’யில் கேட்கும் எல்லாச் சத்தமும் பெடல் ஸ்டீலிலிருந்து வந்ததுதான். சின்தசைசர் என்று நினைத்துக்கொண்டே கேட்பீர்கள்.

ஜாஸைக் கொஞ்சம் வேகமாகக் கடக்கிறேன். இரட்டைக் கழுத்து வாத்தியங்களில் இரண்டாவது கழுத்துக்குப் பெரும்பாலும் சி6 ட்யூனிங்தான். ஜாஸுக்கு வேண்டிய தடித்த கார்டுகள் அதில் கைக்கருகே கிடைக்கும். பட்டி எம்மன்ஸ் 1963இல் நியூயார்க் ஜாஸ் கலைஞர்களோடு ‘ஸ்டீல் கிட்டார் ஜாஸ்’ பதிவு செய்தார். சாக்ஸஃபோனுக்குப் பக்கத்தில் நின்று சரிக்குச் சரி பேசுகிறார். பின்னாளில் கிரெக் லீஸ், கிட்டார் கலைஞர் பில் ஃப்ரிசெலோடும் சாக்ஸஃபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்டோடும் வாசித்தது வேறு வகை. அவர் ஸ்வரங்களைவிட ஸ்வரங்களுக்கு இடையே இருக்கும் காற்றைத்தான் வாசிக்கிறார்.

ராக் இசையைப் பற்றி ஒரு கருத்து உண்டு. சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். பெரும்பாலான ராக் பாட்டுகளில் பெடல் ஸ்டீல் ஒரு மணப்பொருள்தான். தனிமை, நெடுஞ்சாலை, பழைய ஞாபகம் வேண்டுமா, இரண்டு இழுப்பு தூவு. அழகாக இருக்கும், ஆனால் அங்கே அது கன்ட்ரியை விட்டு வெளியே வரவில்லை, கன்ட்ரியின் நினைவைத்தான் கடன் கொடுக்கிறது. விதிவிலக்குகள் இருக்கின்றன. பீட் டிரேக் ஸ்டீலின் சத்தத்தைக் குழாய் வழியாக வாய்க்குள் செலுத்தி 1964இல் ‘ஃபாரெவர்’ பாட்டில் கம்பியையே பேச வைத்தார். ஜார்ஜ் ஹாரிசனின் ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ பதிவுக்கு அவர் போனபோதுதான் ராக் கிட்டார் கலைஞர் பீட்டர் ஃப்ராம்ப்டன் அந்தக் குழாய் வித்தையை நேரில் பார்த்தார். பிறகு அந்த வித்தையே ஃப்ராம்ப்டனின் முத்திரையாகிவிட்டது.

கடைசியாக, எனக்கு மிக நெருக்கமான பெயர். சூசன் ஆல்கார்ன். டெக்சாஸ் கன்ட்ரி இசைக்குழுக்களில் வாசித்துத் தொழில் பழகியவர். 2025 ஜனவரியில் காலமானார். ஒரு கச்சேரிக்குக் காரில் போகும் வழியில் ரேடியோவில் பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் இசையைக் கேட்டு வண்டியை ஓரம் கட்டிவிட்டார் என்பது அவரே சொன்ன கதை. அந்த இசைதான் பிறகு ‘அண்ட் ஐ அவெய்ட் தி ரெசரக்‌ஷன் ஆஃப் தி பெடல் ஸ்டீல் கிட்டார்’ என்ற அவருடைய ஆல்பத் தலைப்புக்கே காரணம்.

அவர் கையில் கேட்கும்போதுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. இந்த வாத்தியத்தில் பியானோவின் 12 கட்டங்கள் கிடையாது. கட்டை எங்கே நிற்கிறதோ அங்கே சுருதி. கன்ட்ரி வாசிப்பில் இந்தச் சுதந்திரம் சரியான ஸ்வரத்துக்கு வழுக்கிப் போய்ச் சேர மட்டுமே பயன்படும். ஆல்கார்ன் அந்த வழியிலேயே குடியேறிவிடுகிறார். இரண்டு கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில் உரசும்போது எழும் அதிர்வு இருக்கிறதே, அதை நகர விடாமல் பிடித்து வைத்துக் கேட்க வைப்பார். கட்டை கம்பியில் உராயும் சத்தம்கூட அவருக்கு இசைதான். ஆனால் வெறும் சத்தமாகவும் போய்விட மாட்டார். 2015இல் வந்த ‘சொலெடாட்’ பெரும்பாலும் அர்ஜென்டினாவின் ஆஸ்டர் பியாசோலாவுடைய டாங்கோ இசை. டாங்கோவில் பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம் மூச்சு விடும் இடங்களில் இங்கே வால்யூம் பெடல் மூச்சு விடுகிறது. 2020இல் வந்த ‘பெடர்னல்’ அவர் எழுதி ஐவர் குழுவோடு பதிவு செய்தது. வயலின், இன்னொரு கிட்டார், பாஸ், டிரம்ஸ். யார் எந்தக் கோட்டை இழுக்கிறார்கள் என்று சில இடங்களில் பிரிக்கவே முடியாது.

[வாசிக்கிறார்]

இப்போது வாசித்தது அதே மூன்று கம்பிகள்தான். பெடலை முழுதாக அழுத்தாமல் பாதியில் நிறுத்தினேன். கார்டு முடிவுக்கு வராமல் அந்தரத்தில் நிற்கிறது, பாருங்கள். இந்தப் பாதி அழுத்தலை எந்தப் பயிற்சிப் பாடத்திலும் முதலில் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். முழுதாக அழுத்தித் தடுப்பில் போய் நிற்கத்தான் பழக்குவார்கள், ட்யூனிங் அங்கேதான் சரியாக இருக்கும் என்பதால்.

கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கன்ட்ரி பிடிக்காது என்பதற்காக ஈ9 ட்யூனிங்கைத் தவிர்க்க வேண்டாம். ஆல்கார்னே கன்ட்ரி வாசித்துத் தொழில் பழகியவர்தான். மூன்று பெடல், நாலைந்து லீவர், ஒற்றைக் கழுத்து போதும். முதலில் கையால் கம்பியை அமர்த்தப் பழகுங்கள். இதை பாம் பிளாக்கிங் என்பார்கள். வலது உள்ளங்கையின் ஓரம் கம்பியில் படிந்து பழைய ஸ்வரத்தை அடக்கினால்தான் புதியது தெளிவாகக் கேட்கும். அது வராதவரை எந்த இசையை வாசித்தாலும் பத்துக் கம்பியும் ஒன்றாகக் குழம்பும். வால்யூம் பெடலை அதற்குப் பிறகு தொடுங்கள். அடுத்த வீடியோவில் சி6 கழுத்தைக் காட்டுகிறேன். அதற்குள் ‘ஜா ஃபுன்மி’யை ஒரு தடவையாவது ஹெட்போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.