இலையுதிர் காலத்தில் ஒரு சிறு பண்ணை: எல்லாம் வெளிச்சத்தின் கணக்கு

[காட்சி: பனி படிந்த புல்வெளி. செம்மறிக் கிடா ஒன்று நடந்து வருகிறது, நெஞ்சு முழுக்க மஞ்சள்.]

இந்தக் கிடாவின் நெஞ்சைப் பாருங்கள். மஞ்சள் வண்ணம் நானே பூசியது. எதற்கு என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் தெற்கே, ஹாம்ப்ஷயரில். இங்கே ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல், டிசம்பர் கடைசியில் அது ஏறக்குறைய 8 மணி நேரம்தான். சென்னையில் வருடம் முழுக்கப் பார்த்தாலும் அந்த வித்தியாசம் ஒன்றரை மணி நேரம் அளவுக்குத்தான் இருக்கும், அதனால்தான் நம் ஊர் ஆடுகள் எந்த மாதத்திலும் சினை பிடிக்கின்றன. இங்குள்ள பெரும்பாலான செம்மறிகள் அப்படியில்லை. இரவு நீள நீள மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் அதிக நேரம் சுரக்கிறது, அதை வைத்துத்தான் உடம்பு “சரி, இப்போது பருவத்துக்கு வரலாம்” என்று முடிவு செய்கிறது.

[காட்சி: கை ஒன்று பெட்டை ஆட்டின் முதுகெலும்பைத் தடவிப் பார்க்கிறது.]

கிடாவை விடுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே வேலை தொடங்கிவிடும். ஒவ்வொரு பெட்டையின் முதுகிலும் கை வைத்துப் பார்ப்பேன், ஏனென்றால் கம்பளி மூடியிருக்கும்போது கண்ணை நம்பவே முடியாது. முதுகெலும்பு கூர்மையாகத் தட்டுப்பட்டால் அதை நல்ல புல் இருக்கும் வயலுக்கு மாற்றிவிடுவேன். அந்தச் சமயத்தில் நன்றாக மேய்ந்து தேறும் ஆட்டுக்கு இரட்டைக் குட்டி விழ வாய்ப்பு அதிகம்.

இங்கே மேய்ப்பர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. நவம்பர் 5, ஊரெல்லாம் வாணவேடிக்கை நடக்கும் நாள், அன்று கிடாவை விட்டால் ஏப்ரல் 1 அன்று முதல் குட்டி. செம்மறியின் சினைக்காலம் சுமார் 147 நாள், எண்ணிப் பாருங்கள், அச்சாக அங்கேதான் வந்து நிற்கும். அதற்குள் புதுப்புல்லும் முளைத்திருக்கும், தாய்க்குப் பாலும் ஊறும்.

இப்போது அந்த மஞ்சள். கிடா ஒரு பெட்டையோடு சேர்ந்தால் வண்ணம் அதன் பின்முதுகில் ஒட்டிக்கொள்ளும். பெட்டை சினை பிடிக்காவிட்டால் ஏறக்குறைய 17 நாளில் மறுபடி பருவத்துக்கு வரும், அதனால் 16ஆம் நாள் வாக்கில் வண்ணத்தைச் சிவப்புக்கு மாற்றிவிடுவேன், அப்புறம் நீலம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குத்தான் போக வேண்டும், இல்லையென்றால் பழைய தடத்தின் மேல் புதியது தெரியாது. மஞ்சளுக்கு மேல் சிவப்பு விழாத ஆடு அநேகமாகச் சினை என்று வைத்துக்கொள்ளலாம்.

[காட்சி: கோழிக்கூண்டு, தரையெல்லாம் இறகு.]

கோழிகளுக்கு இது மோசமான காலம் போலத் தெரியும். முட்டை குறைகிறது, சில நின்றேவிடும், கழுத்தெல்லாம் மொட்டையாகிவிடும். நோய் இல்லை, பயப்படாதீர்கள். வெளிச்சத்தைக் கோழி கண்ணால் மட்டும் உணர்வதில்லை, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் போகும் ஒளியையும் உணர்கிறது, பகல் குறைந்ததும் பழைய இறகை உதிர்த்துப் புதியது போடத் தொடங்குகிறது. இறகு பெரும்பாலும் புரதம் என்பதால் தீவனத்தில் புரதத்தைக் கூட்ட வேண்டும். கூண்டில் விளக்குப் போட்டு முட்டையைத் தொடர வைப்பவர்களும் இருக்கிறார்கள், நான் போடுவதில்லை. வருடம் முழுக்க உழைத்த உடம்புக்கு இரண்டு மூன்று மாத ஓய்வு கிடைக்கட்டும்.

வெள்ளாட்டுக் கிடாவைப் பற்றி ஒரு வரி போதும்: இந்தப் பருவத்தில் அது தன் தாடியிலேயே மூத்திரம் பெய்துகொள்ளும், அந்த வாடைதான் பெட்டைகளை இழுக்கும், நம் சட்டையிலிருந்து அது போக நாளாகும்.

[காட்சி: ஓக் மரங்களுக்குக் கீழே பன்றிகள்.]

பன்றிகளைப் பார்க்க நியூ ஃபாரஸ்ட் காட்டுக்கு வாருங்கள். 1079 வாக்கில் மன்னர் வில்லியம் வேட்டைக்காக ஒதுக்கிய காடு இது. இதன் ஓரத்தில் சில நிலங்களோடு ஓர் உரிமை ஒட்டிக்கொண்டே வருகிறது: ஓக் கொட்டை உதிரும்போது பன்றிகளைக் காட்டில் மேய விடலாம். பெயர் பன்னேஜ், குறைந்தது 60 நாள் நடக்கும். எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை. பச்சை ஓக் கொட்டையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள், காட்டில் மேயும் குதிரைக்கும் மாட்டுக்கும் விஷம், நிறையத் தின்றால் செத்தும் போகும். பன்றியோ அதைத் தின்று கொழுக்கிறது. அது தரையைக் கிளறிப் புல்லைக் கெடுக்காமல் இருக்க மூக்கில் வளையம் போட்டுத்தான் விடுகிறார்கள்.

[காட்சி: மாலை, மங்கலான வெளிச்சம், மந்தை.]

அக்டோபர் கடைசி ஞாயிறு, இங்கே நாடே செய்வது போல, குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்ததிலிருந்து, நாலரை மணிக்கே டார்ச் தேவைப்படுகிறது. இன்று எண்ணினேன், ஆறு பெட்டைகளில் ஐந்தின் மேல் மஞ்சள் விழுந்துவிட்டது. ஆறாவது கிழவி, அதன் முதுகு இன்னும் சுத்தமாக இருக்கிறது. நாளை காலை சிவப்பு பூசப் போகிறேன்.