பித்தளையில் ஒரு நாய், தாளில் ஒரு நாய்

[காட்சி: பித்தளைத் தகடு. ஒரு பெண்ணின் அங்கி ஓரம், அதனருகே சின்ன நாய்.]

இந்த நாயின் பெயர் டெர்ரி. வயது அறுநூறுக்கு மேல். இங்கிலாந்தின் டீர்ஹர்ஸ்ட் தேவாலயத்தில் ஆலிஸ் காஸி என்ற சீமாட்டியின் காலடியில் இருக்கிறது. கணவர் சர் ஜான் காஸி பெரிய நீதிபதி, 1400இல் இறந்தவர். கல்லறைத் தகட்டில் இருவரையும் செதுக்கியவர், நாயின் பெயரையும் மறக்காமல் எழுதிவிட்டார்.

அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் இப்படித் தகடு பதிப்பது வழக்கம். சிலையைவிடச் செலவு குறைவு, இடத்தையும் அடைக்காது. செம்பும் துத்தநாகமும் கலந்த தகடு கடல் கடந்து வரும். அதில் உளியால் கோடு இழுத்து, கல்லில் அதே வடிவத்துக்குப் பள்ளம் வெட்டி, கீல் ஊற்றிப் பதித்து ஆணி அறைவார்கள். முகச்சாயலை மட்டும் தேடாதீர்கள். போர்வீரர்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். ஆனால் அவரவர் தொழில் தெரியும். நார்த்லீச் ஊரில் கம்பளி வணிகர்களின் காலடியில் ஆடும் கம்பளி மூட்டையும் இருக்கும்!

சரி, இவ்வளவு செய்தும் பல தகடுகள் தப்பவில்லை. பித்தளைக்கு எப்போதும் விலை உண்டே. எட்டாம் ஹென்றி மடங்களை மூடியபோது, பெயர்த்து விற்றார்கள். வாங்கிய பட்டறைக்காரர் தகட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வேறொருவரைச் செதுக்கினார். பழுதுபார்க்கக் கழற்றினால் முதுகில் இன்னொரு ஆள்! 1643-44இல், தேவாலயங்களில் மூடநம்பிக்கைச் சின்னங்களை அழிக்க நியமிக்கப்பட்ட வில்லியம் டவுசிங் வந்தார். இறந்தவருக்காக வேண்டச் சொல்லும் வாசகங்களைத் தேடித் தேடிப் பெயர்க்க வைத்தார்.

நார்ஃபோக்கின் இங்ஹாமில், 1438இல் இறந்த சர் பிரையன் ஸ்டேபிள்டனின் தகட்டிலும் ஒரு நாய் இருந்தது. பெயர் ஜாக்கே. அந்தத் தகடு இன்று இல்லை. தகடு போகுமுன் யாரோ தாளில் படியெடுத்ததால்தான் ஜாக்கேயை நமக்குத் தெரியும்.

படியெடுப்பது எப்படி? 1780 வாக்கில் கிரேவன் ஆர்டு போன்ற பழம்பொருள் ஆர்வலர்கள் தகட்டின் கோடுகளில் அச்சு மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை அழுத்தி எடுத்தார்கள். படம் இடம் வலமாக மாறி விழும். பிற்பாடு வந்த வழி இன்னும் எளிது. காசின்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்திருப்பீர்களே, அதேதான். பென்சிலுக்குப் பதில், செருப்புத் தைப்பவர்கள் குதிகால் ஓரத்தைக் கறுப்பாக்கும் மெழுகுக் கட்டி. தகடு கறுப்பாகும், செதுக்கிய கோடு வெள்ளையாக நிற்கும். நம் கல்வெட்டு மைப்படியிலும் எழுத்து வெள்ளையாகத்தானே நிற்கிறது!

நீங்களும் படியெடுக்கப் போகிறீர்களா? முதலில் தேவாலயத்தில் அனுமதி கேளுங்கள். அப்புறம் மெத்தென்ற துணியால் தூசியைத் துடையுங்கள். ஒரு மணல்துகள் இருந்தாலும் தகட்டில் கீறல் விழும். தாள் நகராமல் ஓரத்தை ஒட்டிவிட்டு, ஒரே சீராக அழுத்தித் தேயுங்கள். அவசரப்பட்டால் திட்டுத் திட்டாகிவிடும்.

[காட்சி: மெழுகுக் கட்டி தாளில் நகர்கிறது. ஒரு காது தெரிகிறது. அப்புறம் முதுகு.]