அந்த மாடு யாருடைய மாடு?

நடுவர் அவர்களுக்கும், இரு அணித் தோழர்களுக்கும், பொங்கலுக்கு ஊர் திரும்பி இந்தப் பந்தலை நிறைத்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம். கிராமத்தை விட்டு நகரத்திற்குப் பெயர்ந்ததால் நாம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா என்பது தலைப்பு. பெற்றதே அதிகம் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரு வரி சொன்னார், பந்தலே அதிர்ந்தது. "சொந்த ஊரில் மாடு மேய்க்க வெட்கப்பட்டவன், பட்டணத்தில் அடுத்தவன் வீட்டு நாயை நடைக்குக் கூட்டிப் போகிறான்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். எழுதி வந்த குறிப்புகளை மேசையிலேயே வைத்துவிட்டு, அந்த ஒரு வரிக்கே பதில் சொல்லப் போகிறேன். நண்பரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றே ஒன்றுதான். அவர் சொன்ன அந்த மாடு யாருடைய மாடு?

என் பெரியப்பாவும் மாடு மேய்த்தவர்தான். எழுபதுகளின் தொடக்கம், அப்போது அவருக்கு ஒன்பது வயது. காவிரியின் கடைமடைப் பகுதியில் ஒரு பண்ணையில் ஆண்டுக் கூலிக்கு விட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு கலம் நெல், பொங்கலுக்கு ஒரு துண்டு, மத்தியானம் பழைய சோறு. பள்ளிக்கூடத்து மணி அடிப்பதை அவர் வாய்க்கால் கரையில் நின்று கேட்டிருக்கிறார். அந்த மணிக்கு உள்ளே போகும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. சம்பா அறுத்த தாளினிடையே உளுந்து வளர்ந்திருந்த மாசி மாதத்தில் ஒரு நாள், அவர் ஓட்டி வந்த மாடுகளில் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்து வயலில் இறங்கிவிட்டது. வயலுக்காரர் மாட்டைப் பிடித்துப் பவுண்டில், அதாவது பயிர் மேய்ந்த மாடுகளை அடைக்கும் பட்டியில், அடைத்தார். அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும்.

இப்போது கேளுங்கள். உளுந்தைத் தின்றது பண்ணையாரின் மாடு. அந்த மாட்டின் பால் போனது பண்ணையாரின் வீட்டுக்கு. அது போட்ட சாணம் எருவானது பண்ணையாரின் வயலுக்கு. அது ஈன்ற கன்று கட்டப்பட்டது பண்ணையாரின் கொட்டிலில். ஆனால் அபராதம் மட்டும் ஒன்பது வயதுப் பிள்ளையின் நெல்லில் பிடிக்கப்பட்டது! பாலும் எருவும் கன்றும் வந்தபோது மாடு பண்ணையாருடையது. தண்டம் வந்தபோது மாடு எங்கள் பெரியப்பாவுடையது. நண்பரே, அந்த மாடு யாருடைய மாடு?

அந்தப் பிள்ளை வளர்ந்து, எண்பதுகளில் திருப்பூருக்கு ரயிலேறியது. பனியன் கம்பெனியில் முதலில் தைக்கிறவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலை, பிறகு தையல் எந்திரம். முதல் சனிக்கிழமை மாலை சம்பளத்துக்கு வரிசையில் நின்றார். கணக்குப்பிள்ளை நோட்டைப் பார்த்து ஒரு பெயரை வாசித்தார். யாரும் போகவில்லை. மறுபடியும் வாசித்தார். பின்னால் நின்றவர் தோளைத் தட்டி, "உன்னைத்தானே கூப்பிடுகிறார்கள்" என்று சொன்ன பிறகுதான் பெரியப்பா நகர்ந்தாராம். பண்ணையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய்" என்றுதான் கூப்பிட்டார்கள். நோட்டில் எழுதியிருந்த தம் பெயரை ஒருவர் உரக்கப் படிப்பதை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். கவரில் இருந்த தொகை அவருக்கு இன்று நினைவில்லை. பெயர் வாசித்த குரல் நினைவிருக்கிறது என்கிறார்.

ஆகவே, மாடு மேய்க்க வெட்கப்பட்டு எவரும் ஊரை விட்டுப் போகவில்லை. உழைப்பு ஒருவருடையதாகவும் பலன் இன்னொருவருடையதாகவும் இருந்த ஏற்பாட்டை விட்டுத்தான் போனார்கள். நாயைக் கூட்டிப் போகிறவரையும் பாருங்கள். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு. அந்த வீட்டில் மரியாதை குறைந்தால் அடுத்த தெருவில் வேறு வேலை உண்டு. 'உன் வேலை வேண்டாம்' என்று சொல்லிவிட்டு மறுநாள் உயிரோடு இருக்க முடிகிற இடத்தைத்தான் மனிதர்கள் தேடினார்கள்.

நான் மிகைப்படுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். தஞ்சாவூர்ப் பண்ணையாள்களைக் காப்பதற்கு 1952-இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவில், இதே காவிரிப் படுகையில், கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. சட்டம் வந்த நாளையும், அது எங்கள் தெருவுக்கு வந்த நாளையும் நான் ஒன்றாக எண்ணவில்லை. கிராமமே குடியாட்சியின் அடித்தளமாக இருக்க வேண்டும் என்று பலர் வற்புறுத்தியபோது, 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் அம்பேத்கர் எழுந்து, அறியாமையும் குறுகிய மனமும் குடியிருக்கும் இடத்தைப் போற்றச் சொல்கிறீர்களே என்று கேட்டார். அந்தக் கேள்வியைத் தொடாமலேயே எதிரணியில் மூவரும் பேசி முடித்துவிட்டார்கள்.

புள்ளிவிவரத்தையும் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் 1951-இல் நூற்றுக்கு 24 பேர் நகரவாசிகள். 2011-இல் 48 பேர். ஆகவே பாதி ஊர் காலியாகிவிட்டது என்றார்கள். அப்படி இல்லை. ஐயாயிரம் மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்கு நானூறு பேர், ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உழவல்லாத வேலை என்ற மூன்றும் சேர்ந்தால், ஊராட்சியாக இருக்கும் ஊரையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரமாக எழுதிக்கொள்ளும். இந்தியாவில் இப்படிக் கணக்கில் நகரமான ஊர்கள் 2001-இல் 1,362, 2011-இல் 3,894. அங்கே யாரும் பெட்டி கட்டவில்லை. இருந்த இடத்திலேயே தொழில் மாறியது.

போனவர்களால், போகாதவர்களும் பெற்றார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் ஆட்கள் போன பிறகுதான், நடவுக்கு ஆள் வேண்டும் என்று நிலக்காரர்கள் தெருவுக்குள் வந்து கேட்கத் தொடங்கினார்கள். கூலி உயர்ந்ததற்குப் போராட்டமும் காரணம், பேருந்தும் காரணம்.

கொரோனாவில் எல்லோரும் ஊருக்குத்தானே வந்தீர்கள் என்று எதிரணியினர் கேட்டார்கள். ஆம், வந்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது பட்டணம் எங்களைக் கைவிட்டது. ஊர் சோறு போட்டது. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைச் சாயக் கழிவு கெடுத்ததும், அதற்காக 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உண்மை. நகரத்தின் குறைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஊரடங்கில் திரும்பி வந்த பிள்ளைகளை எந்தத் தாயாவது, "இனி இங்கேயே இரு" என்று சொன்னாளா?

என் அத்தை சொல்லவில்லை. மகன் வந்து நான்கு மாதம் வீட்டில் இருந்தான். அவளுக்கு அது பொங்கலும் தீபாவளியும் சேர்ந்த காலம். இருந்தும் பேருந்து ஓடத் தொடங்கிய வாரத்தில், அவளே இட்லிப் பொடியை அரைத்து, ஊறுகாயைக் கட்டி, அவன் பையில் வைத்தாள். கம்பெனி திறந்துவிட்டதா என்று அவன் கேட்பதற்கு முன்னால் அவள் பக்கத்து வீட்டில் விசாரித்து வைத்திருந்தாள். "பேத்திக்குப் பள்ளிக்கூடம் அங்கேதானே இருக்கிறது, கிளம்பு" என்றாள். தோட்டைக் கழற்றிக் கொடுத்து அவனை முதன்முதல் ரயிலேற்றியவளும் அவள்தான். அந்தத் தோடு இன்று வரை திரும்பவில்லை. கேட்டால், பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள் என்று பதில் சொல்கிறாள்.

இந்தப் பந்தலில் அப்படிப்பட்ட தாய்மார்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பிள்ளைக்காகத் திண்ணையில் காத்திருப்பவர்கள் நீங்கள். உங்கள் தனிமைக்கு ஈடாக எதையும் என்னால் கணக்குக் காட்ட இயலாது. ஆனால் அவன் ஓடிப்போனவன் என்று யாராவது சொன்னால், 'இல்லை, நான் அனுப்பினேன்' என்று சொல்லும் உரிமை உங்களுக்கு மட்டுமே இருக்கிறது. விடுமுறை முடிந்து சிறப்புப் பேருந்துகள் புறப்படும்போது அந்தப் பிள்ளைகளைத் தலை நிமிர்ந்து அனுப்பி வையுங்கள். நடுவர் அவர்களே, பெற்றதே அதிகம் என்ற தீர்ப்பை இந்தத் தாய்மார்களின் முகம் பார்த்து வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.