யாழ்ப்பாணத்தின் ஆறு ஆசனங்கள்: வாக்குகள் எங்கே போயின?

பெரியோர்களே, நண்பர்களே, முதல் தடவையாக வாக்களிக்கப் போகும் தம்பி தங்கைமாரே, வணக்கம்.

2024 நவம்பர் 14இல் நடந்த பொதுத்தேர்தலைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சுத்தான் காதில் விழுகிறது. "தமிழ்ச் சனம் தெற்கின் பக்கம் சாய்ந்துவிட்டது" என்பது ஒன்று. "எங்கள் ஆசனங்களைத் தட்டிப் பறித்துவிட்டார்கள்" என்பது மற்றது. இரண்டு பேச்சிலும் கோபம் இருக்கிறது, கணக்கு இல்லை. அந்தக் கணக்கை இன்று உங்கள் முன் போட்டுக் காட்டத்தான் வந்திருக்கிறேன். பாராளுமன்றத்தில் யார் எத்தனை பேர் என்பதை வாக்காளர் மட்டும் தீர்மானிப்பதில்லை. வாக்குகளை ஆசனமாக மாற்றும் விதிக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. விதி தெரியாமல் முடிவை மட்டும் பார்த்தால் நம் சனத்தின் மனதையே நாம் தப்பாகப் படித்துவிடுவோம்.

முதலில் முழுப் பாராளுமன்றம். மொத்தம் 225 உறுப்பினர்கள். 22 தேர்தல் மாவட்டங்களில் இருந்து 196 பேர், நாடு முழுவதும் கட்சிகள் எடுத்த வாக்கைப் பார்த்துப் பகிரப்படும் தேசியப் பட்டியலில் இருந்து 29 பேர். தேசிய மக்கள் சக்திக்கு 159. ஐக்கிய மக்கள் சக்திக்கு 40. இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு 8. புதிய ஜனநாயக முன்னணிக்கு 5. பொதுஜன பெரமுனவுக்கும் முஸ்லிம் காங்கிரசுக்கும் மூன்று மூன்று. மீதி ஏழு ஆசனங்களும் ஏழு தரப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் போயின. முந்திய பாராளுமன்றத்தில் 145 ஆசனங்களோடு இருந்த பொதுஜன பெரமுன மூன்றுக்கு வந்தது. மூன்று ஆசனங்களோடு இருந்த தேசிய மக்கள் சக்தி 159க்குப் போனது. 2022 நெருக்கடியில் எரிபொருள் வரிசையில் நின்ற எவருக்கும் இதன் காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. தேசிய மக்கள் சக்தி நாடு முழுவதும் பெற்ற வாக்கு 61.56 வீதம். 225இல் 61.56 வீதம் என்றால் 138 அல்லது 139 வர வேண்டும். மேலதிகமாக இருபது ஆசனங்கள் எங்கிருந்து வந்தன? மூன்றில் இரண்டு பெரும்பான்மைக்கு 150 போதும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த இருபதும் சின்ன விஷயம் அல்ல.

இதற்குப் பதில் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1977இல் தொகுதி முறை இருந்தது. தொகுதியில் முதலாவதாக வந்தவர் வென்றார், அவ்வளவுதான். ஐக்கிய தேசியக் கட்சி ஏறத்தாழ 51 வீத வாக்கோடு 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 30 வீதத்துக்குக் கிட்ட வாக்கு. கிடைத்தது 8 ஆசனம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதத்துக்கும் குறைவு; கிடைத்தது 18. அப்படித்தான் காங்கேசன்துறை உறுப்பினர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். நம்மில் பலர் அதைப் பெருமையாகச் சொல்வோம். பெருமைதான். ஆனால் அந்தக் கதிரையைத் தந்ததில் விதிக்கும் பங்கு உண்டு. நம் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டு கிடந்தன. சுதந்திரக் கட்சியின் வாக்குகள் தெற்கெங்கும் பரவிக் கிடந்தன. அதே விதிதான் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜயவர்தனவின் கையில் ஆறில் ஐந்து பங்கு பாராளுமன்றத்தைக் கொடுத்தது. அந்தப் பெரும்பான்மையை வைத்து 1978இல் புதிய அரசியலமைப்பு வந்தது. 1982இல் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் ஆயுளையே நீட்டினார்கள். 1983இல் தனிநாடு கோருவதைத் தடுக்கும் ஆறாவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, கூட்டணியினர் தங்கள் ஆசனங்களை இழந்தார்கள். பதினெட்டுப் பேர் இருந்தும் தடுக்க முடியவில்லை.

எடுத்த வாக்கின் அளவுக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் 1989இல் நடந்தது. ஒருவருக்கும் மூன்றில் இரண்டு கிடைக்காது என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். 2010இல் 144, 2020இல் 145 என்று கிட்ட வந்தார்களே தவிர, தேர்தல் முடிவிலேயே 150ஐத் தாண்டியது 2024இல்தான்.

சரி, இப்போது விதி. ஒரு மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். செல்லுபடியான வாக்குகளில் 5 வீதம் எடுக்காத கட்சிகள் கணக்கிலிருந்தே நீக்கப்படும். மிஞ்சிய வாக்குகளை, போனஸ் போக மிஞ்சிய ஆசனங்களால் வகுப்பார்கள். வரும் தொகை ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலைக்கு முழுதாக எத்தனை வாங்க முடியுமோ அத்தனை கிடைக்கும். அதன்பின் யார் கையில் மீதி வாக்கு அதிகமோ, அவர்களுக்கு எஞ்சிய ஆசனங்கள் வரிசையாகப் போகும்.

22 மாவட்டங்களில் 21இல் தேசிய மக்கள் சக்தி முதலாவதாக வந்தது. அதாவது 22 போனஸில் 21 ஒரே கட்சிக்கு. மேலே கேட்ட கேள்விக்குப் பெரும்பகுதி பதில் இதுதான்.

இனி யாழ்ப்பாணம். ஆறு ஆசனத்துக்கு 44 அணிகள் போட்டியிட்டன: 23 கட்சிகள், 21 சுயேச்சைக் குழுக்கள். செல்லுபடியான வாக்கு ஏறத்தாழ 3 இலட்சத்து 25 ஆயிரம். தேசிய மக்கள் சக்தியின் சின்னமான திசைகாட்டி 80,830. தமிழரசுக் கட்சியின் வீடு 63,327. தமிழ்க் காங்கிரசின் சைக்கிள் 27,986. ஊசிச் சின்னத்தில் நின்ற 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855. ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியின் சங்குக்கு 22 ஆயிரத்துச் சொச்சம், ஈ.பி.டி.பி.யின் வீணைக்கு 17 ஆயிரத்துச் சொச்சம். 5 வீத வெட்டுப்புள்ளியைத் தாண்டியவை இந்த ஆறுதான்.

ஆறின் வாக்குகளையும் கூட்டினால் 2 இலட்சத்து 40 ஆயிரம். மற்ற 38 அணிகளுக்கும் விழுந்த சுமார் 85 ஆயிரம் வாக்குகள் கணக்குக்கு வெளியே போய்விட்டன. முதலாவதாக வந்த கட்சி எடுத்ததைவிட அது கூட! அப்புறம் போனஸ் ஒன்று திசைகாட்டிக்கு. மிஞ்சியது ஐந்து ஆசனம். 2,40,000ஐ ஐந்தால் வகுத்தால் 48 ஆயிரம். அந்த விலையில் திசைகாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இன்னும் மூன்று இருக்கிறது. மீதி வாக்கைப் பாருங்கள்: திசைகாட்டி கையில் கிட்டத்தட்ட 33 ஆயிரம், சைக்கிளிடம் 28 ஆயிரம், ஊசியிடமும் 28 ஆயிரம், வீட்டிடம் 15 ஆயிரம். மூன்று ஆசனமும் முதல் மூன்றுக்குப் போயின. முடிவு: திசைகாட்டி 3, வீடு 1, சைக்கிள் 1, ஊசி 1.

நாலில் ஒரு பங்கு வாக்குக்குப் பாதி ஆசனங்கள். யாரும் களவெடுக்கவில்லை. விகிதாசார முறை வந்த பிறகு தெற்கின் கட்சி ஒன்று யாழ்ப்பாணத்தில் முதலிடம் பிடித்தது இதுவே முதல் தடவை. அந்த 80 ஆயிரம் பேரின் தீர்ப்பை மதிக்க வேண்டும், ஏன் அப்படிப் போட்டார்கள் என்று தமிழ்க் கட்சிகள் தங்களையே கேட்க வேண்டும். ஆனால் நாலில் மூன்று பங்கு வேறு பக்கம் போட்டது என்பதும் அதே அளவுக்கு உண்மை. அது நாற்பத்து மூன்றாகச் சிதறிப் போனது.

அதே விதி மட்டக்களப்பில் மறுபக்கம் வேலை செய்தது. திசைகாட்டி முதலாவதாக வராத ஒரே மாவட்டம் அது. வீடு அங்கே எடுத்தது மூன்றில் ஒரு பங்கு வாக்குத்தான். போனஸும் சேர்ந்து ஐந்தில் மூன்று ஆசனம் வீட்டுக்கு வந்தது. மட்டக்களப்பு முடிவைக் கொண்டாடிக்கொண்டு யாழ்ப்பாண முடிவைச் சதி என்று சொல்வது நேர்மை அல்ல.

என்னை அதிகம் வருத்துவது இன்னொரு எண். யாழ் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 32 ஆயிரத்துக்கும் மேல். சைக்கிளும் ஊசியும் தனித்தனியே எடுத்ததைவிட அதிகம். வெயிலில் நடந்து போய், வரிசையில் நின்று, விரலில் மை பூசி, கடைசியில் செல்லாத வாக்கைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். 44 சின்னங்கள் கொண்ட நீண்ட சீட்டைப் பாருங்கள். முதலில் ஒரு கட்சிக்கு எதிரே மட்டும் புள்ளடி. பிறகு கீழே, அந்தக் கட்சி வேட்பாளர்களின் விருப்பு இலக்கங்களில் ஆகக்கூடியது மூன்று. இரண்டு கட்சிக்குப் புள்ளடி போட்டாலோ, கட்சிக்குப் போடாமல் இலக்கத்துக்கு மட்டும் போட்டாலோ வாக்குப் போச்சு. மேடையில் மணிக்கணக்காகப் பேசும் வேட்பாளர்கள் இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் ஒதுக்கவில்லை என்பது பெரிய குற்றம். இங்கே இருக்கும் வாசிகசாலைக்காரரிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த தேர்தல் அறிவித்ததும் மாதிரிச் சீட்டு அடித்து வீடு வீடாகக் கொண்டுபோங்கள். கட்சி பார்க்காமல் செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010இல் இந்த மாவட்டத்துக்கு 9 ஆசனம். 2015இல் 7. இப்போது 6. கம்பஹாவுக்கு 19. வாக்காளர் இடாப்பின் எண்ணிக்கையைப் பார்த்து ஆசனம் ஒதுக்கப்படுவதால், போர், புலம்பெயர்வு, இடாப்பில் பதியாமல் விடுவது எல்லாம் சேர்ந்து நம்மைக் குறைக்கின்றன. போனவர்களை இடாப்பில் எழுத முடியாது. இருக்கும் பிள்ளைகள் பதினெட்டு வயது ஆனதும் பதிந்தார்களா என்று கிராம அலுவலரிடம் கேட்கலாம் அல்லவா?

போனஸை எடுத்துவிட்டால் சரியாகிவிடாதா என்று முன்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார். போட்டுப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் 2,40,000ஐ ஆறால் வகுத்தால் விலை 40 ஆயிரம் ஆகும். திசைகாட்டிக்கு 2, வீட்டுக்கு 2, சைக்கிளுக்கும் ஊசிக்கும் ஒவ்வொன்று. மட்டக்களப்பில் வீடு ஓர் ஆசனத்தை இழக்கும். அது 31 ஆயிரம் எடுத்த, தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் படகுச் சின்னத்துக்குப் போகும். நாடு முழுவதும் 159 என்ற எண்ணும் இறங்கும். எடுக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. மட்டக்களப்பில் வீட்டுக்கு ஓர் ஆசனம் குறைந்தாலும் எடுக்கத்தான் வேண்டும்.