‘பயமே வரக்கூடாது’ என்பது ஓர் இலக்கா? நேயர் கேள்விக்குப் பதில்

வணக்கம். மதுரையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், சொல்லவில்லை. கடிதம் நீளம், சுருக்கிப் படிக்கிறேன்.

‘பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ ஹார்ட் அட்டாக் என்று தோன்றுகிறது. இ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்துப் பார்த்து இதயத்தில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பேனிக் அட்டாக் என்றார்கள். சி.பி.டி. சிகிச்சைக்கு (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) போகிறேன், ஆறு அமர்வு முடிந்துவிட்டது. உங்கள் இலக்கு என்ன என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பயமே வரக்கூடாது என்கிறேன். அது இலக்கு ஆகாது என்கிறார்கள். வேறு என்ன சொல்வது? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தாள் கொடுத்து மார்க் போடுகிறார்கள். 15 இருந்தது 9 ஆனது, இப்போது மறுபடியும் 13. பழைய இடத்துக்கே வந்துவிட்டேனா? பஸ்ஸில் மனைவி கூட வரலாமா?’

பழைய இடத்துக்கு வரவில்லை, தம்பி. ஏன் என்று சொல்ல, அந்த இலக்கு விஷயத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

ஆக்டன் லிண்ட்ஸ்லி என்று ஓர் அமெரிக்க நடத்தையியல் அறிஞர். 1960களில் அவர் ஒரு சோதனை சொன்னார். ஒரு காரியத்தைப் பிணத்தால் செய்ய முடியும் என்றால், அதை நடத்தை என்று கணக்கில் எடுக்காதே. அவ்வளவுதான் சோதனை. நான் இதைச் சொன்னால் எதிரில் இருப்பவர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு சிரித்துவிடுவார்கள். பயப்படாமல் இருப்பது, அழாமல் இருப்பது, கோபமே படாமல் இருப்பது, இதிலெல்லாம் பிணம் நம்மைவிட நூற்றுக்கு நூறு வாங்கும். உயிரோடு இருக்கிறவருக்கு அது இலக்காக முடியுமா?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ‘பயம் வரக்கூடாது’ என்று வைத்துக்கொண்டால், வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று நெஞ்சுக்கு நாள் முழுக்கக் காவல் இருக்க வேண்டும். காவல் இருக்க இருக்கத் துடிப்பு பெரிதாகக் கேட்கும். மாடிப்படி ஏறினாலும் இதே நெஞ்சு இப்படித்தான் துடிக்கிறது, அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. பஸ்ஸில் துடித்தால் மட்டும் ‘இது சாவு’ என்று பொருள் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பொருளைக் கண்டு பயம், பயத்தால் இன்னும் துடிப்பு. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் 1986-ல் இந்தச் சுழலைத்தான் எழுதினார். உங்களுக்குச் செய்யும் சிகிச்சையும் அநேகமாக இந்தச் சுழலை உடைக்கத்தான்.

அதனால் நான் வேறு மாதிரி கேட்பேன். பயம் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். வருகிற செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கே இருப்பீர்கள், என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? என்னிடம் வந்த ஒருவர், அடையாளத்தை மாற்றித்தான் சொல்கிறேன், யோசிக்காமல் பதில் சொன்னார். ‘மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறிப் பெரியார் நிலையத்தில் இறங்குவேன். ஆட்டோவுக்குக் கொடுத்து மாளவில்லை, மேடம்.’ கிடைத்துவிட்டது இலக்கு. ஆறு வாரத்துக்குள், வாரத்தில் நான்கு நாள், தனியாக என்று மட்டும் அதோடு சேர்த்துக்கொண்டோம்.

பிறகு படிக்கட்டு கட்டினோம். ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு பயம் என்று 0 முதல் 100 வரை அவரே எண் போட்டார். நிறுத்தத்தில் நின்று மூன்று பஸ்ஸைப் போகவிடுவது 30. தன் தம்பியோடு இரண்டு நிறுத்தம் போவது 45. மத்தியானக் காலி பஸ்ஸில் தனியாகக் கோரிப்பாளையம் வரை 60. காலை நெரிசலில் நின்றுகொண்டே கடைசி வரை 90.

மனிதர் வேகமாக ஏறிவிட்டார். எனக்குச் சந்தேகம். விசாரித்தால், கையில் தண்ணீர் பாட்டில், சட்டைப்பையில் மாத்திரை அட்டை, உட்காருவதோ படிக்கட்டுக்குப் பக்கத்து இருக்கை. இப்படிப் போனால் ‘பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்’ என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். பாட்டில் இல்லாமல் போவதையும் தனித்தனிப் படிகளாகச் சேர்த்தோம்.

அவருடைய நோட்டில் ஒரு நாள் பதிவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ‘என்ன நடக்கும் என்று நினைத்தேன்’ என்ற பத்தியில், ‘சிம்மக்கல் வருவதற்குள் மயங்கி விழுவேன், 85 சதவீதம்.’ ‘என்ன நடந்தது’ என்ற பத்தியில், ‘விழவில்லை. கம்பி வியர்வையில் வழுக்கியது. ஓர் அம்மா கீரைக்கட்டை என் கால்மேல் வைத்துவிட்டார்.’ அன்று பயம் 70. அடுத்த வாரமும் 70. ‘குறையவே இல்லையே’ என்று சோர்ந்துபோனார். நான் விரலை வைத்துக் காட்டியது முதல் பத்தியை. மயங்கி விழுவேன் என்ற நம்பிக்கை 85-லிருந்து 40-க்கு வந்திருந்தது. பயம் அப்படியே இருக்க, அது சொல்வதை நம்புவதுதான் முதலில் குறைந்தது. நான் பார்த்தவரை பலருக்கும் இந்த வரிசையில்தான் நடக்கிறது.

இப்போது உங்கள் 13. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பதற்றத்தை அளக்கும் ஜி.ஏ.டி.-7 என்ற தாளாக இருக்கும். ஏழு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 21. கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று மட்டும்தான் அது கேட்கிறது. அந்த இரண்டு வாரத்தில் நீங்கள் பஸ் ஏற ஆரம்பித்திருந்தால் மார்க் ஏறுவது இயல்பு. பயந்த இடத்துக்குப் போனால் பதற்றம் கொஞ்ச நாள் கூடத்தான் செய்யும். வீட்டிலேயே இருந்தவருக்கு 9 வருவது பெரிய காரியமா? எங்கேயும் போகாமலே ஏறியிருக்கிறது என்றால் அது வேறு கதை. தூக்கமா, வேலை நெருக்கடியா என்று உட்கார்ந்து பேச வேண்டும். இந்தச் சிகிச்சை பொதுவாக 12 முதல் 20 அமர்வு வரை போகும். ஆறு முடிந்த இந்த நேரத்தில் ‘எங்கே நிற்கிறோம்’ என்று நீங்களே கேட்கலாம், கேட்க வேண்டும். நாலைந்து தாள் ஆகியும் மார்க்கும் நோட்டும் அசையவில்லை என்றால் திட்டத்தை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் சிகிச்சை, கூச்சம் எதற்கு?

மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்வித் தாள் ஒன்றும் கொடுப்பார்கள். அதன் கடைசிக் கேள்வி உயிரை விடும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது போட்டாலும் மொத்த மார்க்கைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே சொல்லிவிடுங்கள். நடு இரவானாலும் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழில் பேசலாம்.

மனைவி விஷயம். கூட வரட்டும், முதல் இரண்டு படிக்கு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து ‘ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது’ என்று சொல்ல வேண்டாம், அதுவும் ஒரு தண்ணீர் பாட்டில்தான். மூன்றாவது படியிலிருந்து அவர் பின்னால் வருகிற பஸ்ஸில் வரட்டும்.